உங்களுக்குத் தெரியுமா? வயிற்று அறுவைக்குப் பின் உடம்பு கேட்கும் கலோரி

★

அரை லிட்டர் குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 85 கலோரிதான். ஐந்து சதவீதக் கரைசல் என்றால் 500 மில்லியில் 25 கிராம் டெக்ஸ்ட்ரோஸ். கிராமுக்கு 3.4 கலோரி. சிறிய இட்லி இரண்டு சாப்பிட்டால் ஏறக்குறைய இவ்வளவு கிடைத்துவிடும். "நாலு பாட்டில் ஏத்தியாச்சு, இனிமே தெம்பு வந்துடும்" என்று வார்டு வாசலில் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொள்வோம். அந்த நாலு பாட்டிலும் சேர்ந்து 340 கலோரி. பாட்டிலில் 'என்எஸ்' என்று எழுதியிருந்தால் அது வெறும் உப்புநீர், கலோரி பூஜ்யம். 'ஆர்எல்' என்றாலும் ஏறத்தாழ அதே கதைதான். அறுவை முடிந்த உடம்புக்கு இந்த நீரும் உப்பும் உயிர்நாடி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது சாப்பாடு இல்லை.

★

சேலத்திலிருந்து கோவை, பாலக்காடு வழியாக வரும் 544-ம் எண் நெடுஞ்சாலையும் கன்னியாகுமரியிலிருந்து வடக்கே ஏறும் 66-ம் எண் நெடுஞ்சாலையும் கொச்சியில் சந்திக்கும் இடம் இடப்பள்ளி. கோழி நேர்ச்சைக்குப் பெயர்போன புனித ஜார்ஜ் தேவாலயம் அங்கேதான் இருக்கிறது. பக்கத்திலேயே பொன்னேக்கரையில், 1998-ல் தொடங்கப்பட்ட அமிர்தா மருத்துவமனை. ஈரல், கணையம், குடல் எனப் பெரிய வயிற்று அறுவைகள் நடக்கும் இடம் அது.

இந்த மாதிரிப் பெரிய மருத்துவமனைகளில், நோயாளியோடு தங்கியிருக்கும் 'பைஸ்டாண்டர்' உறவினரின் கண்ணில் தினமும் படும் ஒரு தாள் உண்டு. உணவியல் நிபுணர் வந்து பார்த்துவிட்டு, இன்றைக்கு இத்தனை கலோரி, இத்தனை கிராம் புரதம் என்று எழுதிப் போகும் தாள். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதுதான் இந்த வாரத் துணுக்குகளின் விஷயம்.

★

ஒரே ஆளுக்கு ஐந்து விடை வரும். 58 வயது ஆண், எடை 55 கிலோ, உயரம் 165 சென்டிமீட்டர், நேற்றுக் குடலில் பெரிய அறுவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஹாரிஸ்–பெனடிக்ட் சூத்திரத்தில் போட்டால் ஓய்வில் 1,256 கலோரி. மிஃப்லின் சூத்திரத்தில் 1,296. கிலோவுக்கு 25 என்ற எளிய பெருக்கலில் 1,375. கிலோவுக்கு 30 என்றால் 1,650. முதலில் வந்த 1,256-ஐ எடுத்து, நடமாட்டத்துக்காக 1.2-ஆலும் அறுவை தந்த அழுத்தத்துக்காக 1.3-ஆலும் பெருக்கினால் 1,960.

கீழ் எண்ணுக்கும் மேல் எண்ணுக்கும் நடுவே 700 கலோரி. அவருடைய ஒரு நாள் தேவையில் பாதி அளவுக்கு இடைவெளி! கணக்கில் யாரும் பிழை செய்யவில்லை. எல்லாமே பாடப்புத்தகத்தில் இருக்கும் வழிகள்தான்.

★

உலகம் முழுக்க இன்றும் கால்குலேட்டரில் ஓடும் ஹாரிஸ்–பெனடிக்ட் சூத்திரம் வெளியானது 1919-ல். அதை உருவாக்கிய இருவரில் ஆர்தர் ஹாரிஸ் ஒரு தாவரவியலாளர், புள்ளியியலில் கை தேர்ந்தவர். பிரான்சிஸ் பெனடிக்ட் பாஸ்டனில் கார்னகி நிறுவனத்தின் ஊட்டச்சத்து ஆய்வகத்தை நடத்தியவர். அவர்கள் அளந்தது 136 ஆண்கள், 103 பெண்கள், 94 பச்சிளங்குழந்தைகள். எல்லோரும் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த அமெரிக்கர்கள். வயிற்றில் தையலோடும் மூக்கில் குழாயோடும் படுத்திருந்தவர் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை.

★

அதே பெனடிக்ட்டின் கை நம் சென்னை வரைக்கும் நீண்டது, தெரியுமா? மகளிர் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய எலினார் மேசன், தென்னிந்தியப் பெண்கள் ஓய்வில் எவ்வளவு கலோரி செலவழிக்கிறார்கள் என்று அளந்தார். அதை அவரும் பெனடிக்ட்டும் சேர்ந்து 1931-ல் கட்டுரையாக வெளியிட்டார்கள். அமெரிக்க அளவுகோல் எதிர்பார்த்ததைவிட நம் பெண்களின் செலவு தெளிவாகக் குறைந்திருந்தது. சூத்திரம் வெளியாகிப் பன்னிரண்டே ஆண்டுகளில், அதைச் செய்தவரின் பெயரோடு, 'இது இங்கே அப்படியே பொருந்தாது' என்ற சாட்சி சென்னையிலிருந்தே பதிவாகிவிட்டது. இந்தச் செய்தி நம் மருத்துவக் கல்லூரிகளில் இன்னும் உரக்கச் சொல்லப்பட வேண்டும் என்பது என் ஆசை.

பிறகு வந்த சூத்திரங்களிலும் இந்தக் குறை தொடர்ந்தது. உலக சுகாதார நிறுவனம் 1985-ல் கையில் எடுத்த ஸ்கோஃபீல்டு சமன்பாடுகளுக்கு அடிப்படை ஏழாயிரத்துச் சொச்சம் அளவீடுகள். அவற்றில் கிட்டத்தட்டப் பாதி இத்தாலியர்களுடையவை! 1991-ல் ஹென்றியும் ரீஸும் வெப்பமண்டல மக்களின் அளவீடுகளைத் தனியே திரட்டிப் பார்த்தபோது, அந்தச் சமன்பாடுகள் சராசரியாக 8 சதவீதம் கூடுதலாகச் சொல்வது தெரிந்தது.

எட்டு சதவீதம் சின்ன விஷயம்போலத் தோன்றும். ஆனால் அதன் மேல் 1.2, 1.3 என்று பெருக்கிக்கொண்டே போகும்போது பிழையும் கூடவே பெருகும்.

★

சரி, பெருக்குவது எதற்காக? வயிற்றைத் திறந்தால் உடம்பு கொதிக்கும், கலோரி மளமளவென்று எரியும் என்பது நெடுநாள் நம்பிக்கை. 1960-களிலும் 70-களிலும் நியூயார்க்கில் ஜான் கின்னி என்ற அறுவை மருத்துவர் நோயாளிகளின் மூச்சை அளந்து பார்த்தார். முன்கூட்டியே திட்டமிட்டு, சிக்கலில்லாமல் முடிந்த அறுவைக்குப் பிறகு ஓய்வுச் செலவு 10 சதவீதத்துக்கு மேல் கூடவில்லை. பெரிய தீக்காயம் என்றால்தான் ஏறக்குறைய இரட்டிப்பு வரை போனது. நல்லபடியாக முடிந்த வயிற்று அறுவையும் பெரிய தீக்காயமும் ஒரே தட்டில் வைக்கக்கூடியவை அல்ல.

1979-ல் கால்வின் லாங் குழுவினர் இதை அட்டவணையாகவே போட்டுக் கொடுத்தார்கள். சிறு அறுவைக்கு 1.2, எலும்பு முறிவுக்கு 1.35, பெரிய சீழ்த்தொற்றுக்கு 1.6, கடும் தீக்காயத்துக்கு 2.1. அட்டவணை கைக்கு வந்ததும் எந்த எண்ணை எடுப்பது என்பது எழுதுகிறவரின் மனத்தைப் பொறுத்ததாகிவிட்டது. ஒரே நோயாளிக்கு ஒருவர் 1.2 போடுவார், இன்னொருவர் 1.5 போடுவார்.

★

காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் செலவும் பத்து சதவீதம்போல ஏறும். குளிர் நடுக்கம் அதைவிடப் பெரிய செலவு. மயக்க மருந்து தெளியும் அறையில் கம்பளி போர்த்தி, சூடான காற்று விடுவது வெறும் சுகத்துக்காக இல்லை.

★

அளந்தே பார்த்துவிடலாம், வழி இருக்கிறது. எரிவதற்கு ஆக்சிஜன் வேண்டும். உடம்பு ஒரு லிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்தினால் சுமார் 4.8 கலோரி வெளிவருகிறது. ஆக, உள்ளே போன ஆக்சிஜனையும் வெளியே வந்த கரியமில வாயுவையும் அளந்துவிட்டால் போதும். 1780-களில் பாரிசில் லவாசியேவும் லாப்லாசும் பனிக்கட்டி நிரம்பிய பாத்திரத்துக்குள் ஒரு சீமைப்பெருச்சாளியை வைத்து, உருகிய நீரை எடைபோட்டார்கள். கதை அங்கே தொடங்குகிறது.

மருத்துவமனையில் இது எப்படி நடக்கும் என்றால், கட்டிலருகே சக்கர மேசையில் ஒரு கருவியைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். தானாக மூச்சு விடுகிறவருக்குத் தலையைச் சுற்றி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கவிகை மாட்டப்படும். வென்டிலேட்டரில் இருப்பவருக்குக் குழாயிலேயே இணைப்பு. அரை மணி நேரம் அசையாமல், பேசாமல் படுத்திருக்க வேண்டும். திரையில் இரண்டு எண்கள் ஏறி இறங்கி, மெல்ல ஒரு நிலைக்கு வரும். நம் 58 வயதுக்காரருக்கு நிமிடத்துக்கு 190 மில்லி ஆக்சிஜன், 160 மில்லி கரியமில வாயு என்று வந்தால், கிளாஸ்கோவின் வீர் 1949-ல் எழுதிய சமன்பாட்டில் போட்டு நாளுக்கு 1,333 கலோரி என்று கருவியே சொல்லிவிடும். ஐரோப்பிய வழிகாட்டிகள் தீவிர சிகிச்சை நோயாளிக்கு முதலில் பரிந்துரைப்பது இந்த அளவீட்டைத்தான்.

பின் ஏன் எல்லா இடத்திலும் இல்லை? கருவி விலை அதிகம், இயக்கத் தெரிந்த ஆள் வேண்டும். காற்று கசிந்தால் அளவு கெட்டுவிடும். நோயாளிக்கு 60 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருந்தால் எண்ணை நம்ப முடியாது. கவிகைக்குள் மூச்சு முட்டுவதுபோல் தவிப்பவர்களும் உண்டு. அதனால் நம் மருத்துவமனைகளில் பெரும்பாலும் இன்றும் ஆட்சி செய்வது கிலோவுக்கு 25 என்ற வாய்ப்பாடுதான். பெரிய வயிற்று அறுவைகள் நடக்கும் மருத்துவமனையில் ஒரு கருவியாவது இருக்க வேண்டும். கோடிக்கணக்கில் ஸ்கேன் கருவி வாங்கும் இடத்தில் இதற்கும் மனம் வர வேண்டும்.

★

கரியமில வாயுவை ஆக்சிஜனால் வகுத்தால் வரும் எண் இன்னொரு ரகசியமும் சொல்லும். கொழுப்பு எரிந்தால் 0.7, மாவுச்சத்து எரிந்தால் 1. அந்த எண் 1-ஐத் தாண்டினால், கொடுத்த சர்க்கரையை எரிக்க வழியில்லாமல் உடம்பு கொழுப்பாக மாற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சாப்பாடு அதிகமாகிவிட்டது!

அதிகமானால் என்ன கெடுதி? ரத்தச் சர்க்கரை ஏறும், ஈரலில் கொழுப்பு படியும். கூடுதல் கரியமில வாயுவை வெளியேற்ற நுரையீரல் திணறும், வென்டிலேட்டரை எடுக்கும் நாள் தள்ளிப்போகும்.

★

'கிலோவுக்கு 25' என்றால் எந்தக் கிலோ? பெரிய அறுவைக்கு மறுநாள் எடை பார்த்தால் சில கிலோ ஏறியே இருக்கும். ஏறியது அத்தனையும் நீர். கால் வீங்கியிருக்கும், முகம் உப்பியிருக்கும். அந்த எடையை வைத்துக் கணக்குப் போட்டால் இல்லாத சதைக்குச் சோறு போட்டதாகும். அறுவைக்கு முந்தைய உலர்ந்த எடைதான் வேண்டும். அது பல சமயம் எங்கேயும் எழுதப்பட்டிருக்காது. "எத்தனை கிலோ இருப்பீங்க?" என்று கேட்டு, நோயாளி குத்துமதிப்பாகச் சொன்னதே கேஸ் ஷீட்டில் ஏறியிருக்கும். அட்மிஷன் அன்று ஒருமுறை தராசில் நிறுத்தச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். பைசா செலவில்லாத காரியம், பின்னால் பத்து முடிவுகளுக்கு உதவும்.

★

1936-ல் கிளீவ்லாந்தில் ஹைரம் ஸ்டட்லி, வயிற்றுப் புண்ணுக்கு அறுவை செய்துகொண்டவர்களின் கணக்கை எடுத்துப் பார்த்தார். அறுவைக்கு முன் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடை இழந்திருந்தவர்களில் மூன்றில் ஒருவர் இறந்திருந்தார். மற்றவர்களில் இறப்பு 3.5 சதவீதம். இன்றைய ஐரோப்பிய வழிகாட்டி, மிகவும் இளைத்துப்போன நோயாளிக்கு ஒன்று முதல் இரண்டு வாரம் ஊட்டம் கொடுத்துத் தேற்றிவிட்டுக் கத்தி எடுப்பது நல்லது என்கிறது. அது புற்றுநோய் அறுவையே ஆனாலும் சரி.

★

கேரளத்தில் அதிகமாகக் காணப்பட்ட ஒரு நோய் இந்தக் கலோரிக் கணக்கைத் தலைகீழாக்குகிறது. கணையத்தில் கல் விழுவது, வயிற்றைக் குத்தி முதுகு வரை பாயும் வலி, எலும்பும் தோலுமான இளம் வயது உடம்பு, சீக்கிரமே வரும் சர்க்கரை நோய். இப்படிப்பட்டவர்களைக் கேரளத்தில் நூற்றுக்கணக்கில் கண்டு உலகுக்குச் சொன்னவர் டாக்டர் பி. ஜே. கீவர்கீஸ். வெப்பமண்டலக் கணைய அழற்சி என்று அதற்குப் பெயர் வந்தது. மரவள்ளிக் கிழங்கின் மேல் வெகுகாலம் பழி இருந்தது. 1880-களில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா பரப்பிய கிழங்கு அது. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது கேரளத்தின் வயிற்றைக் காப்பாற்றியதும் அதுவே. அந்தப் பழி கடைசி வரை நிரூபணமாகவில்லை.

இதில் இடப்பள்ளிக்கு முக்கியமான பங்கு உண்டு. அமிர்தா மருத்துவமனையின் டாக்டர் வி. பாலகிருஷ்ணன் முன்னின்று, நாடு முழுக்க நாள்பட்ட கணைய அழற்சி நோயாளிகள் 1,086 பேரைப் பதிவு செய்த ஆய்வு 2008-ல் வெளியானது. காரணம் பிடிபடாதவர்கள் சுமார் 60 சதவீதம். மதுவால் வந்தது 39 சதவீதத்தை ஒட்டி. பழைய பாடப்புத்தக வெப்பமண்டல நோய் நான்கு சதவீதத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. ஒரு தலைமுறைக்குள் நோயின் முகமே மாறிவிட்டது.

வலிக்காகவோ அடைப்புக்காகவோ இவர்களுக்கு அறுவை செய்யும்போது, உணவியல் நிபுணருக்குத் தலைவலி தொடங்கும். கணையம் சுரந்தால்தான் கொழுப்பு செரிக்கும். அது பழுதாகிவிட்டால், சாப்பிட்டதில் நல்ல பங்கு எண்ணெய் மினுமினுப்போடு மலத்தில் போய்விடும். தாளில் 1,600 என்று எழுதி, நோயாளியும் 1,600 கலோரியைச் சாப்பிட்டு முடித்திருப்பார். ரத்தத்தில் சேர்ந்தது எவ்வளவு என்பது வேறு எண். கழிவறையில் மலம் மிதக்கிறதா, பிசுபிசுவென்று ஒட்டுகிறதா, தண்ணீர் ஊற்றினாலும் போகவில்லையா என்று செவிலியர் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். கலோரிக் கணக்கின் பாதி பதில் அங்கேதான் இருக்கிறது. கணையச் சுரப்புக்கு ஈடாகத் தரும் என்சைம் மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்தே எடுக்க வேண்டும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து ஞாபகம் வந்து விழுங்கினால் பலன் போய்விடும்.

★

மயக்கத்துக்குச் சொட்டுச் சொட்டாக ஏறும் பால்நிற மருந்து புரோபோஃபால். அது சோயா எண்ணெயில் கரைத்தது. ஒரு மில்லிக்கு 1.1 கலோரி. மணிக்கு 10 மில்லி வீதம் ஒரு நாள் ஓடினால் 264 கலோரி, மேலே சொன்ன மூன்று குளுக்கோஸ் பாட்டிலைவிட அதிகம். கவனமான நிபுணர் இதை மொத்தக் கணக்கில் கழித்துக்கொள்வார்.

★

வாய்வழியே எதுவும் இல்லாமல், நரம்பு வழியாகவே முழுச் சாப்பாடும் ஏற்றி ஓர் உயிரை வளர்க்க முடியும் என்று 1960-களில் பிலடெல்பியாவில் காட்டியவர் ஸ்டான்லி டட்ரிக். முதலில் பீகிள் நாய்க்குட்டிகள், பிறகு குடல் வேலை செய்யாத ஒரு பச்சிளங்குழந்தை. அந்தச் சாதனைக்குப் பிறகு 'முடிந்த மட்டும் ஏற்று' என்ற வேகம் வந்தது. நாளுக்கு நாலாயிரம், ஐயாயிரம் கலோரிகூட ஏற்றிய காலம் உண்டு.

அந்த வேகத்துக்கு 2011-ல் பெல்ஜியத்திலிருந்து பதில் வந்தது. தீவிர சிகிச்சையில் இருந்த 4,640 பேரில் ஒரு பாதிக்கு, குறையும் கலோரியை நரம்பு வழியே உடனே நிரப்பினார்கள். மறுபாதிக்கு எட்டாம் நாள் வரை நிரப்பாமல் பொறுத்தார்கள். பொறுத்த குழுவில் தொற்று குறைவு, ஐசியுவிலிருந்து சீக்கிரமே வெளியே வந்தவர்களும் அவர்களே. 2018-ல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் சுமார் 4,000 பேரில் ஒரு பிரிவுக்குக் குழாய் வழியே ஒன்றரை மடங்கு கலோரி கொடுத்துப் பார்த்தார்கள். 90 நாளில் உயிர் பிழைத்தவர் கணக்கில் வித்தியாசமே இல்லை.

முதல் சில நாள் உடம்பு தன் சதையையே கரைத்துச் சர்க்கரையாக்கிக்கொள்ளும். வெளியிலிருந்து எவ்வளவு கொட்டினாலும் அந்த உள்ளூர் உற்பத்தி முழுதாக நிற்பதில்லை. இப்போது தீவிர சிகிச்சையில் முதல் வாரத்தில் தேவையின் 70 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறார்கள். வார்டில் எழுந்து உட்கார்ந்து தானாகச் சாப்பிடுகிறவரின் கதை வேறு, அவரைப் பட்டினி போட இது காரணம் ஆகாது.

★

"காத்து பிரிஞ்சுதா?" வயிற்று அறுவை வார்டில் ஒரு காலத்தில் இதுதான் சாப்பாட்டுக்கு அனுமதிச் சீட்டு. வாயு வெளியேறும் வரை வாயில் தண்ணீர்கூடப் படக் கூடாது என்று நாலைந்து நாள் உதடு காயக் காத்திருந்தவர்கள் நம் வீடுகளிலேயே இருப்பார்கள். டென்மார்க்கில் ஹென்ரிக் கெலெட் 1990-களில் தொடங்கிய விரைவு மீட்பு முறை அதை மாற்றியது. குடலில் போட்ட தையல் பெரும்பாலும் சாப்பாட்டைத் தாங்கும். 24 மணி நேரத்துக்குள் சிறிது சிறிதாகத் தொடங்கலாம். எந்த அறுவை, எப்போது தொடங்குவது என்பது அறுவை செய்தவர் சொல்வதே. அதை அவரிடம் கேட்பதற்குத் தயக்கம் வேண்டாம்.

சூயிங்கம் மெல்லக் கொடுக்கும் மருத்துவமனைகளும் உண்டு. வாய் மென்றால், சாப்பாடு வருகிறது என்று எண்ணிக் குடல் விழித்துக்கொள்கிறது.

★

கேரளத்தில் பொடியரிக் கஞ்சி, நம் பக்கம் நொய்க் கஞ்சி. நோயாளிக்கு முதலில் தருவது இதைத்தான். தொண்டைக்கு இதம், மனத்துக்கு ஆறுதல். ஒரு டம்ளர் கஞ்சியில் 20 கிராம் அரிசி இருந்தால் 70 கலோரி, ஒன்றரை கிராம் புரதம். நம் 55 கிலோக்காரருக்கு வழிகாட்டி சொல்லும் புரதம் கிலோவுக்கு ஒன்றரை கிராம், ஆக நாளுக்கு 82 கிராம். கஞ்சியிலேயே அதை எட்ட வேண்டுமானால் ஐம்பது டம்ளருக்கு மேல் குடிக்க வேண்டும்!

முட்டை ஒன்றில் 6 கிராம். பால் 200 மில்லியில் 6 கிராம்போல. கொச்சிக் கடலில் மலிவாகக் கிடைக்கும் மத்தி மீன் 100 கிராமில் 20 கிராமை ஒட்டி. மலையாளிகள் கஞ்சியோடு சிறுபயறு சேர்ப்பது எவ்வளவு பொருத்தம் பாருங்கள். கஞ்சியைக் கைவிட வேண்டாம். கூட ஒன்றைச் சேர்க்க வேண்டும். "ஆபரேஷன் ஆன உடம்புக்கு முட்டை, மீன் சீழ் பிடிக்கும்" என்று பெரியம்மா சொன்னால், தையல் ஆறுவதற்கே புரதம்தான் நூல் என்று பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். சைவக் குடும்பமானால் பாசிப்பருப்பு, தயிர், பன்னீர், சோயா.

அதற்காக அள்ளி ஊட்டவும் வேண்டாம். தீவிர சிகிச்சை நோயாளிகளுக்கு மிகை புரதம் கொடுத்து 2023-ல் வெளியான பெரிய ஆய்வில் நன்மை தெரியவில்லை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது கெடுதலாகவே தெரிந்தது.

★

புரதத்தைப் பற்றி முதலில் சத்தம் போட்டவர் டேவிட் கத்பர்ட்சன். 1930-களில் கிளாஸ்கோவில் கால் எலும்பு முறிந்து படுத்திருந்தவர்களின் சிறுநீரை நாள் தவறாமல் சேர்த்து அளந்தார். முறிந்தது ஓர் எலும்பு. ஆனால் கரைந்து போனதோ உடம்பு முழுவதன் சதை. சிறுநீரில் ஒரு கிராம் நைட்ரஜன் போனால் சுமார் 30 கிராம் சதை போனதாகக் கணக்கு. 2013-ல் லண்டனில் தீவிர சிகிச்சை நோயாளிகள் 63 பேரின் தொடைத் தசையை ஸ்கேனில் அளந்தார்கள். பத்தே நாளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கியிருந்தது. கட்டிலைவிட்டு இறக்கி நடக்க வைக்க பிசியோதெரபிஸ்ட் படாத பாடு படுவது இதனால்தான்.

★

ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தை ஏற்றும் பாட்டில் விலை உயர்ந்தது, ஆனால் அது ஊட்டம் இல்லை. அறுவைக்குப் பிறகு ரத்தத்தில் ஆல்புமின் இறங்குவது பெரும்பாலும் அழற்சியாலும் நீர் கசிவதாலும். அந்த எண்ணைக் கொண்டு சாப்பாடு போதுமா என்று அளக்க முடியாது.

★

நெடுநாள் பட்டினிக்குப் பிறகு திடீரென்று ஊட்டினால் உயிருக்கே ஆபத்து. இரண்டாம் உலகப் போர் முடிந்து கைதிகள் விடுவிக்கப்பட்டபோது, வயிறார உண்ட பிறகு சிலர் இறந்தார்கள். சர்க்கரை உள்ளே போனதும் ரத்தத்திலிருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் செல்களுக்குள் பாய்ந்துவிடும். இதயம் தடுமாறும். தயமின் என்ற பி1 சத்து தீர்ந்துபோகும்.

உணவுக்குழாய்ப் புற்றுநோயால் இரண்டு மாதம் சரியாக விழுங்க முடியாமல் 40 கிலோவுக்கு வந்துவிட்ட ஒருவருக்கு, முதல் நாள் கிலோவுக்கு 10 வீதம் வெறும் 400 கலோரி என்று எழுதுவார்கள். குடும்பம் கொதித்துப்போகும். "பணம் கட்டுறோம், பட்டினி போடுறாங்க" என்று குரல் உயரும். அந்த 400-க்கு முன் தயமின் ஊசி போட்டிருப்பார்கள், காலையும் மாலையும் ரத்தம் எடுத்து பாஸ்பேட் பார்ப்பார்கள். நாளாக நாளாக ஏற்றுவார்கள். இந்தக் கஞ்சத்தனம்தான் அங்கே அக்கறை. அதைக் குடும்பத்தின் மொழியில், உட்கார்ந்து ஐந்து நிமிடம் எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும் என்பதும் அதே அளவு உண்மை. தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் கொச்சி வார்டுகளில் இது இன்னும் அவசியம்.

★

குடலுக்குள் நேரடியாகக் குழாய் வைத்து ஊட்டுவதென்றால் மணிக்கு 10 முதல் 20 மில்லி வரை என்றுதான் தொடக்கம். முழு அளவை எட்ட ஐந்து, ஆறு நாள்கூட ஆகும்.

★

இட்லிக்கு இவ்வளவு, மத்திக்கு இவ்வளவு என்று உணவியல் நிபுணர் பார்க்கும் பட்டியலின் வேர் நம் குன்னூரில் இருக்கிறது. 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் அங்கே பாஸ்டர் நிலையத்தில் தொடங்கிய சிறு ஆய்வுப் பணியே வளர்ந்து, 1958-ல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. அதன் பெருமைக்குரிய இயக்குநர் டாக்டர் சி. கோபாலன் சேலத்தில் பிறந்தவர். இந்திய உணவுகளின் சத்து மதிப்பு பற்றி அவர் முன்னின்று தொகுத்த நூல் பல தலைமுறை உணவியல் மாணவர்களின் கையேடு. 2017-ல் வந்த புதிய பட்டியலில் 528 உணவுகள் இருக்கின்றன.

★

வீட்டுக்கு வந்த பிறகுதான் பசி திரும்பும், நடை கூடும், கலோரித் தேவையும் ஏறும். ஆனால் மருத்துவமனை எழுதிய எண் அன்றோடு நின்றுபோயிருக்கும். டிஸ்சார்ஜ் நாளில் எடையைச் சுருக்கத் தாளில் எழுதி வாங்குங்கள். வாரம் ஒருமுறை, ஒரே தராசில், காலையில் வெறும் வயிற்றில் பாருங்கள். 55 கிலோ ஆள் ஒரு மாதத்தில் மூன்று கிலோவுக்கு மேல் இறங்கினால், அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்காமல் உணவியல் நிபுணரைப் போனில் கூப்பிடுங்கள்.